றெஜினாவின் கழுத்திலும் அதே குழாய்

வயிறு ஆறியும் வீடு வந்து சேராத என் அண்ணைக்கு,

தங்கச்சி ஜெசி எழுதுகிறேன். இவ்வளவு காலமும் எழுதவில்லையென்று கோவிக்காதீர்கள். நவம்பர் மாதம் வருகிறது, செத்தவர்களை நினைத்து வீட்டுக்கு ஒருவர் எழுதித் தாருங்கள், கோயில் பத்திரிகையில் போடுவோம் என்று சுவாமியார் பூசையில் சொன்னார். உங்களைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதத்தான் பேனையைத் திறந்தேன். உங்கள் நீச்சல், உங்கள் பாட்டு, பொய்க்கோபம், சோற்றில் மீன்தலை இல்லாவிட்டால் வருகிற மெய்க்கோபம் என்று எழுத நினைத்தேன். ஆனால் நான் இப்போது குந்தியிருப்பது ஆஸ்பத்திரி மரவாங்கில். எழுத்துக் கோணிக்கொண்டு போவதைப் பாருங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணை.

றெஜினா உள்ளே கிடக்கிறாள். உங்கள் பெண்சாதி, என் மச்சாள், ஒன்றாம் வகுப்பில் என் சிலேற்றை உடைத்துவிட்டு, உடைத்தது ஜெசிதான் என்று சிஸ்டரிடம் சொன்னவள். அவளுடைய கழுத்தடியில் குழாய் போட்டிருந்தார்கள். உங்களுக்குப் போட்ட அதே குழாய், அதே வலப்பக்கம், காறை எலும்புக்குக் கீழே. நான் கண்டவுடன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

எப்படி இவ்வளவுக்கு வந்தது என்று கேட்பீர்கள். நாங்கள் இப்போது குருநகரில் இல்லை. சண்டை தொடங்கினபிறகு கரையில் இருக்க விடவில்லை. நல்லூர்ப் பக்கம் ஒரு வளவில் எத்தனையோ குடும்பங்களோடு இருக்கிறோம், எல்லாருக்கும் ஒரே கிணறு. அந்தத் தண்ணீரோ, வேறு எதுவோ, றெஜினாவுக்கு நெருப்புக்காய்ச்சல் பிடித்தது. அவள் சொன்னால்தானே! காய்ச்சல் குளிசையை விழுங்கிவிட்டு மிளகாய் இடித்துக்கொண்டிருந்தாள். "எடியே, உன்ரை முகம் வாடின கீரை மாதிரிக் கிடக்கு, ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்று நான் கத்தினால், "உனக்குக் கத்தாட்டிச் சோறு செமியாது" என்று சிரித்தாள். ஒரு காலை வயிற்றைப் பிடித்தபடி கிணற்றடியில் குந்திவிட்டாள். காய்ச்சல் முற்றிக் குடலில் ஓட்டை போட்டுவிட்டது. மண்ணெண்ணெயில் ஓடுகிற ஒரு பழைய காரில் ஏற்றிக்கொண்டு வந்தோம். வழி முழுக்க அது இருமியது, அவள் முனகினாள், அம்மா செபமாலை சொன்னா.

உடனே ஒப்பரேசன் செய்தார்கள். அது நல்லபடி முடிந்தது. ஆனால் வாயால் ஒரு மிடறும் கொடுக்கக் கூடாது என்றார்கள். கையில் குத்திக் குத்தி நரம்பெல்லாம் மறைந்துவிட்டது. அப்போதுதான் டொக்டர் வந்து, கழுத்தடியிலுள்ள பெரிய இரத்தக் குழாய்க்குள் மெல்லிய குழாய் ஒன்று இறக்கவேண்டும், சேலைனும் மருந்தும் அதனால்தான் போகும் என்றார். உங்களைப் பார்த்த டொக்டர் இல்லை. இவர் வேறு, இளம்பிள்ளை, சைக்கிளில் வருகிறவர், சேட்டுக் கொலர் கிழிந்ததைத் தானே தைத்திருக்கிறார் போல, நூல் வேறு நிறம்.

நான் அவருடைய கையைப் பிடித்துவிட்டேன். "வேண்டாம் டொக்டர்! என்ரை அண்ணைக்கும் உதுதான் போட்டவை. அவரின்ரை வயிறு ஆறினது. உந்தக் குழாயாலைதான் அவர் செத்தவர்."

அவர் கோவிக்கவில்லை. "போடாட்டி இண்டைக்கே ஆள் தப்பாது அக்கா. போட்டால் கவனமாப் பாத்துக்கொள்ளலாம். கையை நல்லாக் கழுவாமல் ஒருத்தரும் கிட்டப் போகக்கூடாது. அதிலை ஒண்டும் படக்கூடாது. நடுக்கம் கண்டால் உடனை என்னைக் கூப்பிடுங்கோ, நான் எங்கை நிண்டாலும்" என்றார்.

நடுக்கம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு உங்கள் கட்டில்தான் முன்னால் வந்தது.

உங்களுக்கு நினைவிருக்குமா? அங்கே போனபிறகு இதெல்லாம் நினைவிருக்குமா, இல்லையா? கடலில் சுட்ட சன்னம் வயிற்றில் பாய்ந்து உங்களைத் தூக்கி வந்தபோது, முடிந்தது என்று எல்லாரும் ஒப்பாரி வைத்துவிட்டோம். ஒப்பரேசன் முடிந்து கண்ணைத் திறந்து நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "என்ரை வலை எங்கை?" வயிறு நாளுக்கு நாள் ஆறிக்கொண்டு வந்தது. சுறாவுக்குப் பயப்படாத மனிதன் ஊசிக்குக் கண்ணை மூடுகிறார் என்று தாதி மிஸ்ஸிமார் உங்களைப் பகிடி பண்ணினார்கள். இன்னும் கொஞ்ச நாளில் கஞ்சி தரலாம் என்றார்கள்.

உங்கள் கழுத்தில் உத்தரியம் இருந்தது. எங்கள் ஆம்பிளைகள் அது இல்லாமல் கடலில் இறங்குவார்களா? மாதாவின் பேரில் மந்திரித்த சின்னத் துணித்துண்டுகள், நெஞ்சில் ஒன்று, முதுகில் ஒன்று, இரண்டையும் தொடுத்துத் தோளின் மேலால் போகிற கயிறு. நீங்களோ பழைய கயிறு உப்புத்தண்ணீரில் இற்றுப்போகிறதென்று, வலை பின்னுகிற தங்கூசி நைலோனில் அதைக் கோத்து வைத்திருந்தீர்கள். "உது இனி அறாது, மாதாவே வந்து இழுத்தாலும் அறாது" என்று பெருமை அடித்தீர்கள்.

குழாய் போட்ட அன்று மிஸ்ஸி அதைக் கழற்றச் சொன்னா. எங்கள் ஆட்கள் விடவில்லை. உத்தரியம் போட்டபடி கண்ணை மூடுகிறவருக்கு நித்திய நெருப்பு இல்லை என்பது மாதா தந்த வாக்கு. ஆஸ்பத்திரியில், அதுவும் குண்டு விழுகிற காலத்தில், யார் கழற்றச் சம்மதிப்பார்கள்? மிஸ்ஸி பாவம், அதைக் கையெட்டுமட்டும் விலக்கிவிட்டுக் குழாய் வாயில் மருந்துத்துணி வைத்து ஒட்டினா. அவ அங்கால் போனபிறகு எங்கள் ஆட்களில் ஒருவர் நெஞ்சுத்துண்டை எடுத்து அந்த மருந்துத்துணிக்கு உள்ளே, குழாய் இறங்குகிற புண்ணோடு பட்டபடி செருகிவிட்டார். பட்டால் கெதியாக ஆறும் என்ற நம்பிக்கை. யார் என்று எழுதமாட்டேன். அன்பில்தான் செய்தது. வருடக்கணக்காகக் கடல்தண்ணீரும் வேர்வையும் ஊறின துணி, அண்ணை.

வெயில் தகரத்தைக் காய்ச்சுகிற மத்தியானத்தில் நீங்கள் சொன்னீர்கள்: "ஜெசி, குளிருது. கடலுக்கை நிக்கிற மாதிரிக் கிடக்கு." நான் சிரித்தேன், பகிடி என்று நினைத்து. பிறகு கட்டில் ஆடத் தொடங்கியது. இரும்புக் கட்டில், உங்கள் பல்லோடு சேர்ந்து கிடுகிடுவென்று அடித்தது. பக்கத்தில் இருந்த தகரக்குவளை உருண்டு விழுந்தது. பிறகு காய்ச்சல் ஏறியது. கை வைக்க முடியாத சூடு.

டொக்டர் ஓடிவந்து குழாயை எடுக்க வெளிக்கிட்டார். உத்தரியக் கயிறு குறுக்கே நின்றது. மிஸ்ஸியின் கத்தரிக்கோல் தங்கூசியில் வழுக்கியது. கடைசியில் ஒப்பரேசன் கத்தியால் வெட்டினார்கள். மருந்துத்துணியோடு சேர்ந்து அந்த நெஞ்சுத்துண்டும் வந்தது, ஈரமாக, கறுத்துப்போய். டொக்டர் அதைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "கிருமி குழாய் வழியா இரத்தத்துக்குள்ளை போயிட்டுது" என்று மட்டும் சொன்னார். குழாயை எடுத்தாயிற்று. மருந்து போட்டார்கள், இருந்த மருந்தை. அது போதவில்லை.

அம்மாவுக்குக் கிருமி என்றால் என்ன, இரத்தம் என்றால் என்ன! உங்களைக் குளிப்பாட்டி உடுத்திப் பெட்டிக்குள் வைத்தபோது அவ கேட்டது ஒன்றுதான். "உத்தரியம் எங்கை? என்ரை பிள்ளை வெறுங்கழுத்தோடை போறானே!" நெஞ்சுத்துண்டு றெஜினாவின் கைலேஞ்சிக்குள் இருந்தது. கயிறு அறுந்த, பாதி உத்தரியம். முதுகுத்துண்டை ஒருவரும் காணவில்லை. பழைய துணிகளோடு குப்பை வாளிக்குள் போயிருக்கும் என்று முடிவெடுத்தோம். அந்தக் கறுத்த துண்டைப் பெட்டிக்குள் வைக்க றெஜினா விடவில்லை. அதைக் கழுவி, புதிதாக ஒரு பின்துண்டும் நூல்கயிறும் தைத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. ஆனால் அம்மா செபமாலையை முடித்தபிறகும் எழும்பாமல் இருப்பா. எனக்குத் தெரியும் அவ என்ன நினைக்கிறா என்று, ஏனென்றால் நானும் அதைத்தான் நினைத்தேன். சந்தையில் மீன் வெட்டிக்கொண்டிருக்கும்போது வரும். அடுப்பில் நெருப்பு மூட்டும்போது கட்டாயம் வரும். அண்ணை, உங்களுக்குச் சுடுகிறதா? இதை எழுதவே கை கூசுகிறது. சுவாமியார் வாசித்தால் ஏசுவார். ஏசட்டும்.

சரி, இப்போதைய கதைக்கு வருகிறேன்.

றெஜினாவுக்குக் குழாய் போட்டார்கள். அவள் கழுத்தில் அந்த உத்தரியம். மிஸ்ஸி கழற்றச் சொன்னா. றெஜினா நெஞ்சுத்துண்டைக் கைக்குள் பொத்திக்கொண்டாள். "கையிலை கட்டிவிடட்டே?" என்று மிஸ்ஸி கேட்டா. "கையிலை கட்டுறதுக்கு உதென்ன காப்போ?" என்று அம்மா பாய்ந்தா. கடைசியில் கயிற்றை இடப்பக்கத் தோளுக்கு இழுத்து, துண்டை அவள் கைக்குள்ளேயே விட்டுவிட்டார்கள்.

நான் காவல் நின்றேன். அண்ணை, எங்கள் சனத்தை உங்களுக்குத் தெரியும்தானே. ஒருவர் ஆஸ்பத்திரியில் என்றால் ஊரே வரும். ஊர் சிதறிப் போனபிறகும் எங்கிருந்துதான் தெரியவருமோ, சைக்கிள் மிதித்து வந்தார்கள். ஒருத்தி தீர்த்தப் போத்தலோடு, ஒருத்தி மந்திரித்த எண்ணெயோடு. எல்லாருக்கும் அவள் நெற்றியில் ஒரு சிலுவை, நெஞ்சில் ஒரு சிலுவை போடவேண்டும், பெருவிரலால். மீன் தொட்ட விரல், சைக்கிள் பிடித்த விரல். சவுக்காரம் கண்ணால் காணக் கிடைக்காத காலம். வீட்டிலிருந்த கடைசித் துண்டுச் சவுக்காரத்தை நான் மடிக்குள் கட்டிக்கொண்டு வந்து, வந்தவர்களையெல்லாம் வாசலில் மறித்தேன். "கையைக் கழுவுங்கோ! கழுவினாலும் தொடாதேங்கோ! தூர நிண்டு செபியுங்கோ, மாதாவுக்குக் காது கேக்கும்!"

"உவளின்ரை வாயாலைதான் உவளுக்குக் கலியாணமும் சரிவரேல்லை" என்று தீர்த்தப் போத்தல்காரி முணுமுணுத்தா. கேட்டது. பேசாமல் நின்றேன். நான் பேசாமல் நின்றதைப் பார்த்து அம்மாவே பயந்துவிட்டா.

உங்கள் பெட்டைகள் இரண்டுபேரையும் பக்கத்து வீட்டில் விட்டிருக்கிறேன். காலையில் தலை பின்னிவிட்டேன். எனக்கு மீன் வெட்டத்தான் தெரியும், சடை பின்னத் தெரியாது. சின்னவள் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "மாமி, அம்மா எப்ப வருவா?" என்று கேட்டாள். சடையைப் பார்த்துத்தான் கேட்டாள் என்று வைத்துக்கொண்டேன். பெரியவள் ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கு உங்கள் கட்டில் நினைவிருக்கிறது.

நேற்று மத்தியானம், நான் அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தேன். வேர்வை குழாய்த்துணிக்கு இறங்காமல் ஒற்றிக்கொண்டிருந்தேன். அவள் கண்ணைத் திறந்தாள்.

"ஜெசி, போர்வை எடு. விறைக்குது."

விசிறி கையிலிருந்து விழுந்துவிட்டது. அவளுடைய தாடை அடிக்கத் தொடங்கியது. பிறகு தோள். பிறகு கட்டில்.

நான் எப்படி ஓடினேன் என்று எனக்குத் தெரியாது. செருப்பு எங்கேயோ கழன்றுவிட்டது. அப்போதுதான் எங்கோ விழுந்த செல் குண்டில் காயப்பட்டவர்களைக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். நடையெல்லாம் சனம். "டொக்டர்!" என்று சந்தைக் குரலில் கத்தினேன். "நடுக்கம்! நடுக்கம் வந்திட்டுது!" பலகால மீன்சந்தைத் தொண்டை அண்ணை, அந்தக் கூக்குரலுக்கு மேலாலும் கேட்டிருக்கிறது. இரத்தம் பட்ட கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு அவர் வந்தார். வந்து, முதலில் கையைத்தான் கழுவினார். என் சவுக்காரத்தால்.

பார்த்தவுடன், "குழாயை இப்பவே எடுக்கவேணும்" என்றார்.

"எடுத்தால் மருந்து எதாலை போகும்?"

"காலிலை வெட்டி நரம்பு தேடிப் பாக்கிறன். கிடைக்கும். கிடைக்கவேணும்."

கழுத்தைச் சுத்தமாக வெறுமையாக்குங்கள் என்றார் மிஸ்ஸியிடம். றெஜினா உத்தரியத்தை விடவில்லை. நடுங்குகிற கை, ஆனால் விரலைப் பிரிக்க முடியவில்லை. மிஸ்ஸி கத்தரிக்கோலை எடுத்தா. றெஜினா கத்தினாள், "வெட்டாதேங்கோ!"

நான் அவளுடைய காதடியில் குனிந்தேன். "எடியே, விடு. உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன். ரெண்டு பெட்டையளை வைச்சுக்கொண்டு நான் என்ன செய்வன், விடடி!"

"விட்டா... நான் அவரிட்டைப் போகேலாது."

பயத்தில் எனக்கு வாய் தவறிவிட்டது. வீட்டில் ஒருவரும் சொல்லாததைச் சொல்லிவிட்டேன். "அவரும் உதில்லாமல்தானே போனவர்!"

அம்மா கட்டில் தலைமாட்டில் நின்றா. செபமாலை உருட்டின கை நின்றுபோயிற்று.

றெஜினா என்னை நேரே பார்த்தாள். பல் அடித்துக்கொண்டிருந்தது, சொல் சொல்லாகத்தான் வந்தது. "இல்லை. அவர் போட்டுக்கொண்டுதான் போனவர். முதுகுத்துண்டு அவரிட்டைக் கிடந்தது. கயித்தை வெட்டேக்கை அது முதுகுக்குக் கீழை மாட்டுப்பட்டிட்டுது. எல்லாத்தையும் எடுங்கோ எண்டு டொக்டர் சொன்னவர். நான் எல்லாம் எடுத்தாச்சு எண்டு பொய் சொல்லிப்போட்டு, அதைச் சாரத்துக்குள்ளை செருகி விட்டனான். குளிப்பாட்டேக்கையும் நான்தான் முதுகுப்பக்கம் நிண்டனான். பெட்டிக்குள்ளையும் அதோடைதான் கிடந்தவர்."

நான் இன்னும் குனிந்தேன். "ஏனடி சொல்லேல்லை?"

"எப்பிடிச் சொல்லுறது? முன்துண்டு கறுத்துப்போய் வந்ததைக் கண்ட நான். பின்துண்டையும் நான் விட்டதாலைதானே அவருக்குச் சுகம் வரேல்லை. நான்தானே ஜெசி அவரைக் கொன்றனான்? இப்ப அது என்னையும் கொல்லட்டும். விடு."

அண்ணை, இத்தனை காலமும் ஒரே கூரைக்குக் கீழே படுத்தோம். நானும் அம்மாவும் நீங்கள் உத்தரியம் இல்லாமல் போனீர்கள் என்று பயந்துகொண்டு. அவள் நீங்கள் உத்தரியத்தோடு போனீர்கள் என்று பயந்துகொண்டு. ஒரே பானையில் சோறு. ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் டொக்டரைப் பார்த்தேன். "டொக்டர், சொல்லுங்கோ. குழாயை எடுத்தாப் பிறகு, இடுப்பிலை சொருகின ஒரு துணித்துண்டாலை ஆள் சாகுமோ? உண்மையைச் சொல்லுங்கோ, எங்களுக்காகச் சொல்லவேண்டாம்."

அவர் பஞ்சைப் பிழிந்துகொண்டே சொன்னார். "இடுப்பிலை கிடந்ததாலை ஒண்டும் வராது. கிருமி ஏறுறது குழாய் வாயாலை. குழாயை எடுக்க முந்தியே அது இரத்தத்துக்குள்ளை போயிருக்கும். அந்த முன்துண்டாலைதான் வந்தது எண்டும் நான் சொல்லமாட்டன். ஆரின்ரை கையாலை வந்ததோ. தண்ணியாலையோ. இஞ்சை ஸ்பிரிட் இல்லை, துணியை அவிச்சு அவிச்சுப் பாவிக்கிறம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "இவவுக்கு இண்டைக்கு வந்ததும் என்ரை கையாலை வந்ததோ, ஆர் கண்டது" என்றார்.

அந்தப் பிள்ளை அப்படிச் சொன்னது என் நெஞ்சில் குத்தியது. கைகழுவின ஈரம் இன்னும் முழங்கையால் வடிந்துகொண்டிருந்தது. பயம் எங்களுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

"கேட்டியோடி?" என்றேன் அவளிடம். "கேட்டியோ? நீ கொல்லேல்லை. நீ அவரைப் போர்த்தி அனுப்பினனி."

அவளுடைய கை தளர்ந்தது. மிஸ்ஸி வெட்டவில்லை, ஒருவரும் கழற்றவில்லை. அவளே தலையை நிமிர்த்தப் பார்த்தாள், முடியவில்லை, நான் தாங்கினேன். நடுங்குகிற கையால் கயிற்றைத் தலைக்கு மேலால் எடுத்து என் கழுத்தில் போட்டாள். ஒரு பக்கம் என் காதில் மாட்டிக்கொண்டது, அவள்தான் இழுத்துவிட்டாள்.

"நீ போட்டிரு. நான் வீட்டை வந்து வாங்கிறன்."

பிறகு என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

குழாயை எடுத்துவிட்டார்கள். கணுக்காலடியில் வெட்டி நரம்பு பிடித்துவிட்டார் டொக்டர். மருந்து போகிறது. இதுதான் இருக்கிற கடைசிப் பெட்டி என்று மிஸ்ஸி சொன்னா, பிறகு சொல்லியிருக்கக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டா. இரவு முழுக்கக் காய்ச்சல். இன்று காலையும் காய்ச்சல். உங்களுக்கும் குழாயை எடுத்தபிறகு இப்படித்தானே இருந்தது? எடுத்தாயிற்று, இனிப் பயமில்லை என்று நான் உங்கள் காலைத் தடவிக்கொண்டு இருந்தேனே. அதனால் ஒருவர் வந்து பயமில்லை என்றால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். றெஜினா சொன்னதைக் கேட்டபிறகு அவ வெளியே வந்து இந்த வாங்கில் என் பக்கத்தில் இருந்தா. "அப்ப என்ரை பிள்ளை போட்டுக்கொண்டுதான் போனவன்" என்றா. "ஓம் அம்மா." கொஞ்ச நேரத்துக்குப் பிறகு திரும்பவும், "போட்டுக்கொண்டுதான் போனவன்." பிறகு அழுதா அண்ணை, நீங்கள் செத்த அன்று அழாத அழுகை. எழும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டு வார்ட்டு வாசலுக்குப் போனா. தீர்த்தப் போத்தல்காரி அன்றும் வந்திருந்தா. அம்மா அவவை மறித்துக்கொண்டு, "கையைக் கழுவிப்போட்டு வாங்கோ! கழுவினாலும் தொடாதேங்கோ!" என்றா. அப்படியே என் குரல். எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே சிரிக்கப் பயமாகவும் இருந்தது.

இப்போது மத்தியானம் ஆகிறது. நேற்று நடுக்கம் வந்த நேரம். உள்ளே போக விடுகிறார்களில்லை. இதைவிட வேறு என்ன செய்வதென்று தெரியாமல்தான் உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். மேலே ஒரு கெலிகொப்டர் சுற்றுகிறது, சனம் சுவரோரம் ஒதுங்குகிறது. எனக்கு அந்தப் பயம்கூட இன்று பெரிதாகத் தெரியவில்லை.

மிஸ்ஸி வாசலில் வந்து நிற்கிறா. "றெஜினாவின்ரை ஆக்கள் ஆர்?" என்கிறா. முகத்தைப் பார்த்து ஒன்றும் விளங்கவில்லை. போகிறேன்.

திரும்பி வந்துவிட்டேன் அண்ணை. எழுத்து இன்னும் மோசமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மிஸ்ஸி கேட்டது காய்ந்த சீலை. "நல்லா வேர்த்திருக்கிறா, பாய் சீலையெல்லாம் தெப்பம்" என்றா. இருந்த ஒரே மாற்றுச்சீலையைக் கொடுத்தேன். கதவிடுக்கால் பார்த்தேன். கட்டில் ஆடவில்லை. அவள் என்னைக் காணவில்லை, கண்ணை மூடிக் கிடந்தாள், ஆனால் தன் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். வெறுங்கழுத்து. கையை எடுத்து மார்பில் வைத்துக்கொண்டாள். டொக்டரிடம் கேட்டேன், தப்பிவிட்டாளா என்று. "காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருக்கு. இப்ப ஒண்டும் சொல்லமாட்டன் அக்கா" என்றார். சொல்லமாட்டேன் என்கிறவரைத்தான் இப்போது நான் நம்புகிறேன்.

இதைப் பத்திரிகையில் வாசிக்கிற எங்கள் சனத்துக்கும் ஒன்று. உங்கள் ஆட்களுக்குக் கழுத்தில் குழாய் போட்டால் தூர நின்று அன்பு காட்டுங்கள். குளிர்கிறது என்று அவர்கள் சொன்னால் போர்வை தேடாதீர்கள், டொக்டரிடம் ஓடுங்கள். நான் ஏசினதாக நினைத்தால் நினையுங்கள்.

அண்ணை, கடைசியாக உங்களிடம் ஒரு கேள்வி, ஒரு சத்தியம். அவளை நீங்கள் கூப்பிடுகிறீர்களா? அங்கே தனிமையாக இருக்குமென்று எனக்குத் தெரியும், அவள் கறியின் ருசியும் உங்களுக்குத் தெரியும். ஆனாலும் கூப்பிடாதீர்கள். உங்களுக்கு உங்கள் முதுகுத்துண்டு இருக்கிறது. முன்துண்டு இப்போது என் கழுத்தில். அவளாக நடந்து வந்து, பெட்டைகளுக்கு முன்னால், தன் கையால் வாங்கும்வரை நான் இதைக் கழற்றமாட்டேன். வேறு ஒருவருக்கும் கொடுக்கமாட்டேன். நீங்களே வந்து கேட்டாலும் கொடுக்கமாட்டேன்.

உங்கள் பாதி உத்தரியத்தைக் காவல் காக்கும்
வாய்க்காரத் தங்கச்சி,
ஜெசி